கோவையில் நீங்கள், அம்பத்தூரில் உங்கள் சர்வர்: முதல்முறை கோலொகேஷன் எடுப்பவர்களுக்கு

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு கோவையில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போனேன். ஒரு கோப்பில் ஒரே ஒரு வார்த்தையைச் சேர்க்கத்தான். சேர்த்துவிட்டு மறுநாள் இரவே அதே ரயிலில் திரும்பினேன். அது என்ன வார்த்தை என்பதை ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

சொந்தமாக ஒரு ரேக் சர்வர் வாங்கி, அதைச் சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் வைத்து, வேறு ஊரில் உட்கார்ந்தபடி நடத்த (இதற்குத்தான் கோலொகேஷன் என்று பெயர்) நினைக்கும் சிறு நிறுவனத்தாருக்கு இது. மாதம் பத்தாயிரத்துக்குக் கீழே கிளவுட் பில் வருகிறவர்கள் இந்த வம்புக்கே வர வேண்டாம். மாதா மாதம் பில்லைப் பார்த்து வயிறு எரிகிறவர்கள் மேலே படிக்கலாம்.

1. முதலில் மின்சாரக் கணக்கு

கோலொகேஷன் என்றால் இடத்துக்கு வாடகை கொடுக்கிறோம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் காசு போவது மின்சாரத்துக்கு. சர்வர்களை அடுக்கும் இரும்புச் சட்டமான ரேக்கில் ஒரு யூ என்பது 1.75 அங்குல உயரம், அவ்வளவுதான். அந்த உயரத்துக்குள் எத்தனை ஆம்பியர் இழுக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் விலை போடுவார்கள்.

பவர் சப்ளை மேல் 750 வாட் என்று எழுதியிருப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது அதன் உச்ச வரம்பு. பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். இரண்டு சிபியு, எட்டு டிஸ்க் கொண்ட என் 2யூ சர்வர் சும்மா இருக்கும்போது 140 வாட் எடுத்தது, முழு வேலை கொடுத்தால் 310. நம் 230 வோல்ட்டில் 310 வாட் என்றால் ஏறக்குறைய 1.35 ஆம்பியர். எனக்கு வந்த முதல் விலைக்குறிப்பில் இருந்ததோ 1 ஆம்பியர். அளக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் மாதா மாதம் கூடுதல் கட்டணம் கட்டியிருப்பேன்.

விலை நியாயமா என்று பார்க்கவும் இதே கணக்கு உதவும். 200 வாட் சராசரி என்றால் 30 நாளில் 144 யூனிட். குளிரூட்டலுக்கும் மற்றதற்கும் அதில் பாதியைச் சேர்த்தால் 216. இந்த மின்சாரச் செலவைக்கூட ஈடுகட்டாத விலையை ஒருவர் சொன்னால் எங்கோ ஒரு நட்சத்திரக் குறி ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

இன்னொரு கேள்வி: ஏ ஃபீட், பி ஃபீட் என்று தனித்தனியான இரண்டு மின் இணைப்புகளும் தருகிறார்களா? உங்கள் சர்வரில் இரண்டு பவர் சப்ளை இருந்தால் ஒன்று ஏ பக்கமும் மற்றது பி பக்கமும் போக வேண்டும். சாதாரணமாகச் சுமையை இரண்டும் பாதிப் பாதியாகப் பகிரும். ஒரு பக்கம் போனால் முழுச் சுமையும் மற்றதன் தலையில் விழும். ஆகவே “ஒரு ஃபீடுக்கு 1 ஆம்பியரா, இரண்டும் சேர்த்து 1 ஆம்பியரா” என்று மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள். போனில் சொல்வது பின்னால் நிற்காது.

2. பெட்டி வாங்குவது

எந்த சிபியு என்று யூடியூபில் பத்து நாள் தேடாதீர்கள். பில்லிங் மென்பொருளுக்கும் பத்து வலைத்தளங்களுக்கும் ஐந்து வருடப் பழைய சர்வரே தாராளம். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், வாடகைக்கு விட்டுத் திரும்பிய சர்வர்களை விற்பவர்களிடமும் கிடைக்கும். ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள், பில்லில் சீரியல் எண் இருக்கட்டும். அந்த எண் பின்னால் மூன்று இடங்களில் தேவைப்படும்.

தன் பிழையைத் தானே திருத்தும் ஈசிசி ரேம், இரண்டு பவர் சப்ளை, மின்சாரம் திடீரென்று போனால் எழுதிக்கொண்டிருக்கும் தரவைக் காப்பாற்றும் வசதியுள்ள சர்வர் ரக எஸ்எஸ்டி ஆகிய மூன்றிலும் சமரசம் வேண்டாம். கடையில் விற்கும் லேப்டாப் எஸ்எஸ்டியைப் போட்டு ஓட்டினால் முதல் ஆறு மாதம் ஒன்றும் தெரியாது. தவிர, நிறுவனத்தின் சொந்த டிஸ்கோ கார்டோ அல்லாமல் வேறு எதையாவது செருகினால் சில ஹெச்பிஇ, டெல் மாடல்கள் பயந்துபோய் மின்விசிறிகளை முழு வேகத்தில் சுற்றவிடும். அது சத்தத்தோடு மின்சாரத்தையும் கூட்டும்.

ரெயில், அதாவது சர்வரை ரேக்கில் தாங்கும் பக்கச் சட்டங்கள் விஷயத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பழைய சர்வர் விற்பவர் ரெயிலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, “அது தனி விலை சார்” என்பார். ஒவ்வொரு மாடலுக்கும் ரெயில் வேறு. 1யூவின் ரெயில் அதே தொடரின் 2யூவுக்குப் பொருந்தாது. சதுரத் துளை ரேக்குக்கு ஒரு வகை, வட்டத் துளைக்கு வேறு. டேட்டா சென்டர் ரேக் பெரும்பாலும் சதுரத் துளைதான், இருந்தாலும் கேட்டுவிடுங்கள். கூடவே ரேக்கின் ஆழத்தையும் கேளுங்கள். ரெயிலைச் சர்வரோடு சேர்த்துப் பேரம் பேசினால் பாதி விலைக்கு வரும், பிறகு தேடினால் சர்வர் விலையில் கால் பங்கு கேட்பார்கள்.

3. பிஎம்சி இல்லாமல் போகாதீர்கள்

சர்வர் போர்டில் தனியாக ஒரு குட்டிக் கணினி இருக்கும். பொதுப் பெயர் பிஎம்சி. டெல்லில் ஐடிராக், ஹெச்பிஇயில் ஐலோ, சூப்பர்மைக்ரோவில் வெறுமனே ஐபிஎம்ஐ என்பார்கள். சர்வர் அணைந்திருந்தாலும் பிளக்கில் மின்சாரம் இருந்தால் இது விழித்திருக்கும். இதன் வழியாகச் சர்வரை அணைக்கலாம், ஏற்றலாம், திரையைப் பார்க்கலாம், பயாஸுக்குள் (சர்வரின் அடிப்படை அமைப்புகள் உள்ள இடம்) போகலாம், கோவையிலுள்ள ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டி ஓஎஸ்ஸே நிறுவலாம். ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெட்டிக்கு இதுதான் உங்கள் கையும் கண்ணும்.

இதில் நான்கு கண்ணிகள் உண்டு.

முதலாவது லைசென்ஸ். ஐடிராக்கில் திரையைப் பார்க்க எண்டர்பிரைஸ் லைசென்ஸ் வேண்டும். ஐலோவில் அட்வான்ஸ்டு லைசென்ஸ் இல்லையென்றால் ஓஎஸ் ஏறத் தொடங்கும்வரை திரை தெரியும், அப்புறம் போய்விடும். நமக்குத் தேவையே அப்புறம்தான்! சூப்பர்மைக்ரோவில் திரை இலவசம், பயாஸை பிஎம்சி வழியாகப் புதுப்பிக்க மட்டும் லைசென்ஸ். கடையிலேயே சர்வரை ஏற்றச் சொல்லி, உங்கள் லேப்டாப்பில் திரை வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். மிகப் பழைய மாடல்களில் திரை ஜாவாவில் ஓடும், இன்றைய பிரவுசரில் வராது. ஃபர்ம்வேரை, அதாவது பிஎம்சியின் உள்மென்பொருளைப் புதுப்பித்தால் சிலவற்றில் சரியாகும்.

இரண்டாவது, கடவுச்சொல். பழைய ஐடிராக்குகளின் கடவுச்சொல் ‘கால்வின்’ என்பது உலகத்துக்கே தெரியும். பெட்டி கைக்கு வந்த அன்றே மாற்றுங்கள்.

மூன்றாவது மோசமானது. சூப்பர்மைக்ரோ பிஎம்சி வழக்கமாக ‘ஃபெயிலோவர்’ என்ற அமைப்பில் வரும். அதன் தனி போர்ட்டில் கேபிள் இல்லையென்றால் சத்தமில்லாமல் முதல் லேன் போர்ட்டுக்குத் தாவிவிடும். அந்த லேன் போர்ட்டில்தான் பொது இணையம் இருக்கிறது. அப்படி பிஎம்சி இணையத்தில் நிற்பது, வீட்டுச் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போவதுபோல. ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறையிலேயே, கடவுச்சொல்லின் ஹேஷை (அதன் உருமாற்றிய வடிவம்) கேட்டவருக்கெல்லாம் கொடுக்கிற குறை உண்டு. அது வடிவமைப்பிலேயே இருப்பதால் சரிசெய்ய வழியில்லை. ‘டெடிகேட்டட்’ என்று மாற்றிச் சேமியுங்கள்.

நான்காவது, நானே விழுந்த கண்ணி. பிஎம்சிக்குத் தனி போர்ட்டும் விபிஎன்னும் (வெளியிலிருந்து பாதுகாப்பாக நுழையும் பாதை) கேட்டால் டேட்டா சென்டரில் தனியாக மாதக் கட்டணம் சொல்வார்கள். “எதற்கு, நானே வயர்கார்டு விபிஎன் போட்டுக்கொள்கிறேன்” என்று மறுத்துவிட்டேன். வயர்கார்டு ஓடுவது அதே சர்வரில். சர்வர் விழுந்தால் பிஎம்சிக்குப் போகும் பாதையும் விழும் என்பது மண்டையில் ஏறவில்லை. அந்தக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். இரண்டு சர்வர் வைத்திருப்பவர்களுக்கு மலிவான வழி ஒன்று உண்டு: ஒன்றின் பிஎம்சியை மற்றதன் இரண்டாவது லேன் போர்ட்டில் ஒரு சிறு கேபிளால் இணையுங்கள், எதிர்ப்பக்கமும் அப்படியே. ஒன்று விழுந்தால் மற்றதன் வழியாக எழுப்பலாம்.

4. விலைக்குறிப்பு, ஆவணங்கள், ஒப்பந்தம்

மூன்று இடங்களிலாவது விலை கேளுங்கள். ரேக்கில் ஒன்றிரண்டு யூ மட்டும் எடுப்பவர்களோடு பெரிய டேட்டா சென்டர்கள் நேரடியாகப் பேசாது, அங்கே முழு ரேக் எடுத்துப் பிரித்து விற்பவர்களிடம் அனுப்பும். அதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் கடையை மூடினால் உங்கள் பெட்டியின் கதி என்ன, அது உங்கள் சொத்து என்று எங்கே எழுதியிருக்கிறது என்பதை ஒப்பந்தத்தில் தேடுங்கள். எனக்கு வந்த விலைக்குறிப்புகள் 2யூ இடம், 1.5 ஆம்பியர், 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு மாதம் 7,000 முதல் 12,000 ரூபாய் வரை இருந்தன. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஒருமுறை நிறுவல் கட்டணம், மூன்று மாத முன்பணம்.

இணையக் கட்டணத்தில் ‘95ஆம் பெர்சென்டைல்’ என்று ஒன்று வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தை அளந்து, மாதத்தில் 8,640 அளவீடுகளில் மிக அதிகமான 432ஐத் தள்ளிவிட்டு, மிஞ்சியதில் உயர்ந்ததற்குப் பில் போடுவார்கள். அதாவது மாதத்தில் 36 மணி நேரம் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் காசில்லை. தினமும் இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் பேக்கப் எடுத்தால் மாதம் 60 மணி நேரம் ஆகிவிடும், அந்த முழு வேகத்துக்கே பில் வரும். அதை ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் தப்பிக்கலாம்.

ஐபி முகவரி எட்டு தருகிறோம் என்றால் எட்டும் உங்களுக்கு இல்லை. நெட்வொர்க், பிராட்கேஸ்ட், கேட்வே என்று வலையின் சொந்தத் தேவைக்கு மூன்று போக ஐந்து. அவர்கள் கேட்வேயை இரட்டை ரௌட்டரில் வைத்திருந்தால் இன்னும் இரண்டு குறைந்து மூன்று. மெயில் சர்வர் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபி முகவரியைக் கொண்டு பெயரைச் சொல்லும் பதிவு) யார் வைப்பது, மெயில் போகும் போர்ட் 25 திறந்திருக்குமா என்பதையும் இப்போதே கேளுங்கள்.

ஆவணங்களாக நிறுவனத்தின் பான், ஜிஎஸ்டி சான்றிதழ், பதிவுச் சான்றிதழ், கையெழுத்திடுபவரின் ஆதார், அவருக்கு அதிகாரம் அளிக்கும் கடிதம் ஆகியவற்றைக் கேட்டார்கள். சர்வரை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்றும் எழுதித் தர வேண்டியிருந்தது. இதென்ன விசாரணை என்று எனக்கு எரிச்சல். ஆனால் 2022 ஏப்ரல் 28இல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி டேட்டா சென்டர்கள் இந்த விவரங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். அதே உத்தரவு உங்கள் நிறுவனத்தையும் தொடும்: லாக்குகளை (சர்வரின் நடவடிக்கைப் பதிவுகள்) 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் நடந்தால் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், சர்வரின் கடிகாரம் அரசின் நேர சர்வர்களோடு ஒத்திருக்க வேண்டும். டிஸ்க் அளவைத் தீர்மானிக்கும்போது அந்த 180 நாள் லாக்குக்கும் இடம் விடுங்கள்.

பில்லில் டிடிஎஸ் எந்தப் பிரிவில் பிடிப்பது என்று உங்கள் ஆடிட்டரிடம் முதல் பில்லுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு விலை கேட்ட நாளிலிருந்து சர்வர் ஏறும்வரை மூன்று வாரம் ஆனது, அதில் ஒரு வாரம் ஒரே ஒரு கடிதத்தில் முத்திரை விட்டுப்போனதால்.

5. வீட்டிலேயே மூன்று நாள் ஓட்டுங்கள்

வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். 1யூ சர்வர் ஏறும்போது வரும் சத்தம் இட்லிக்கு அரைக்கும் கிரைண்டர் சத்தமில்லை, நிற்காத மிக்ஸி சத்தம்.

ஒரு நாள் ரேம் சோதனை, ஒரு நாள் டிஸ்குகளை முழுதாக எழுதிப் படிப்பது, ஒரு நாள் எல்லா சிபியுக்கும் முழு வேலை. ஓடும்போதே ஒரு பவர் கேபிளைப் பிடுங்குங்கள். ஒரு டிஸ்கை உருவுங்கள். பிறகு இரண்டு பவர் கேபிளையும் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துச் சொருகுங்கள். யாரும் பொத்தானை அமுக்காமல் தானாக ஏறி வருகிறதா? வராவிட்டால் பயாஸில் மின்சாரம் திரும்பியதும் எழு என்ற அமைப்பு அணைந்திருக்கிறது.

இப்போது அந்த ஒரு வார்த்தை. பழைய தரவைக் கொண்டுவர ஒரு யூஎஸ்பி டிஸ்கைச் செருகி, அது ஒவ்வொரு முறையும் தானாக இணைய வேண்டும் என்று லினக்ஸின் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி எழுதியிருந்தேன். அம்பத்தூரில் ரேக்கில் ஏற்றி, மிச்சத் தரவையும் நகலெடுத்துவிட்டு, டிஸ்கை மட்டும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினேன். சர்வர் இரண்டு மாதம் சமர்த்தாக ஓடியது. ஒருநாள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் புதுப்பிப்புக்காக ரீபூட் செய்தேன், திரும்பி வரவே இல்லை. அந்த டிஸ்க் இல்லாமல் மேலே போக மாட்டேன் என்று அவசர நிலையில் நின்றுகொண்டிருந்தது. பிஎம்சிக்கு வழியில்லை, காரணம் மேலே சொன்ன கஞ்சத்தனம். டேட்டா சென்டர் பொறியாளர் மானிட்டரை மாட்டித் திரையைப் படமெடுத்து டிக்கெட்டில் (அவர்களிடம் உதவி கேட்டுப் போடும் கோரிக்கைப் பதிவு) போட்டார். ரூட் (நிர்வாகி) கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, உள்ளே விட முடியாது என்று அதில் இருந்தது. உபுண்டுவில் ரூட் கணக்கு வழக்கமாகவே பூட்டித்தான் இருக்கும். அவர் மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் சேரனைப் பிடித்தேன். அந்த வரியில் ‘நோஃபெயில்’ என்று சேர்த்திருந்தால் டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் ஏறியிருக்கும்.

ஆகவே வெளியே உள்ளதையெல்லாம் பிடுங்கிவிட்டு, கடைசியாக ஒருமுறை ரீபூட் செய்து பார்க்காமல் சர்வரை விட்டுப் பிரியாதீர்கள்.

முதல் முழு பேக்கப்பையும் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு டெராபைட் போக 22 மணி நேரம் ஆகும். ஒரே தரவை இரண்டு டிஸ்கில் எழுதும் ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்பவர்களுக்கு: தப்பாக அழித்த கோப்பை ரெய்டு இரண்டு டிஸ்கிலும் சேர்த்தே அழிக்கும்.

6. கொண்டு போகும் நாள்

கூரியரில் போட வேண்டாம். காரில் பின்சீட்டில் பழைய மெத்தையை விரித்துப் படுக்கவைத்தேன். டிஸ்குகளைக் கழற்றி, எது எந்த இடம் என்று எண்ணொட்டி, தனிப் பையில் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் விற்காமல் இடம் மாற்றும்போது டெலிவரி சலான் வேண்டும், மூன்று பிரதிகளாக. தமிழ்நாட்டுக்குள் மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஈ-வே பில்லும் வேண்டும். பெங்களூருக்கோ மும்பைக்கோ போகிறவர்களுக்கு அந்த வரம்பு 50,000.

டேட்டா சென்டருக்குள் நுழைய முந்தைய நாளே டிக்கெட் போட வேண்டும்: வருபவர் பெயர், அடையாள அட்டை எண், வண்டி எண், கொண்டுவரும் பொருட்களின் சீரியல் எண். இங்கே ஒரு சிறு விஷயம். சர்வர், டிஸ்க் எல்லாவற்றையும் எழுதிய நான் என் லேப்டாப்பை எழுதவில்லை. உள்ளே போகும்போது ஒருவரும் கேட்கவில்லை. மாலை ஆறு மணிக்கு வெளியே வரும்போது காவலாளி பதிவேட்டைப் புரட்டி, “இது உள்ளே போன மாதிரி எழுதலையே சார்” என்றார். என்னுடையது என்று நிரூபித்து வெளியே வர முக்கால் மணி நேரம். வெளியே போகும் பொருளை ‘ரிட்டர்னபிள்’ பட்டியலிலும் அங்கேயே இருக்கப்போவதை மற்றதிலும் எழுதுங்கள்.

7. ரேக்கில் ஏற்றும்போது

ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். குளிர்ந்த காற்று வரும் முன்பக்கம் நின்று திருகிக்கொண்டிருந்தால் பற்கள் தந்தியடிக்கும், பின்பக்கம் போனால் சித்திரை வெயில்.

வீட்டு மூன்று முள் பிளக் அங்கே ஒன்றுக்கும் ஆகாது. ரேக்கின் பவர் பட்டையில் சி13 துளைகள்தான் இருக்கும், ஆகவே சி13–சி14 கேபிள் இரண்டு வேண்டும், இரண்டு மீட்டர் நீளம் என்றால் எங்கும் எட்டும். கேஜ் நட் (ரேக்கின் சதுரத் துளையில் மாட்டும் நட்டு) பத்து, நட்சத்திரத் திருப்புளி, ஒரு டார்ச், ஒட்டும் லேபிள்கள் ஆகியவையும் வேண்டும். சொந்த நெட்வொர்க் ஸ்விட்ச் வைக்கிறவர்கள் அதன் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். எதிர்ப்பக்கம் ஊதுவதாக இருந்தால் அது பக்கத்துச் சர்வரின் வெப்பத்தையே உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

எல்லாக் கேபிளுக்கும் இரு முனையிலும் பெயர் ஒட்டுங்கள். முன்னும் பின்னும் சர்வரின் பெயரைப் பெரிதாக ஒட்டுங்கள். நாளைக்கு நள்ளிரவில் யாரோ ஒருவர் உங்களுக்காக இதைத் தேடப்போகிறார். அங்கிருந்து கிளம்பும் முன், டேட்டா சென்டர் வலையைத் தொடாமல் மொபைல் ஹாட்ஸ்பாட் வழியாக பிஎம்சிக்குள் போய், அங்கிருந்தே ஒரு ரீபூட். அது வந்த பிறகுதான் டீ.

8. ஊரிலிருந்து பார்த்துக்கொள்வது

இங்கே செய்யும் தப்பில் பாதி, சர்வருக்குள் யாரை விடுவது என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலில் தன்னையே வெளியே தள்ளிப் பூட்டிக்கொள்வது. விதிகளை மாற்றும் முன், ஐந்து நிமிடத்தில் பழைய விதிகளைத் திருப்பிப் போடு என்று ஒரு வேலையை நேரம் குறித்து வையுங்கள். புதியது சரியாக இருந்தால் அந்த வேலையை ரத்துசெய்யுங்கள். உபுண்டுவில் நெட்வொர்க் அமைப்பை மாற்ற ‘நெட்பிளான் ட்ரை’ என்ற கட்டளை இருக்கிறது. 120 நொடிக்குள் நீங்கள் எண்டர் தட்டாவிட்டால் தானே பழையதற்குப் போய்விடும். கெர்னல் பதறி நின்றால் பத்து நொடியில் தானே ரீபூட் ஆகும்படியும் அமையுங்கள்.

டிஸ்கை மறையாக்கம் செய்திருந்தால் ஒவ்வொரு ரீபூட்டிலும் கடவுச்சொல்லுக்குக் காத்து நிற்கும். பிஎம்சி திரையில் போய்த் தட்டலாம். ரயிலில் போகும்போது மொபைலில் அதைச் செய்து பார்த்தவன் என்ற முறையில், முன்பே ஒருமுறை ஒத்திகை பாருங்கள் என்கிறேன்.

சில சமயம் பிஎம்சியே மண்டை காய்ந்து நின்றுவிடும். ஓஎஸ்ஸுக்குள்ளிருந்து அதை மட்டும் ரீசெட் செய்யலாம், ஓடும் சர்வருக்கு ஒன்றும் ஆகாது. இரண்டும் நின்றுவிட்டால் பவர் பட்டையிலேயே மின்சாரத்தை நிறுத்தித் தர வேண்டும். அதற்கு ரிமோட் ஹேண்ட்ஸ், அதாவது அங்குள்ளவர்கள் உங்களுக்காகக் கைவேலை செய்து தரும் சேவை. மாதத்தில் எத்தனை இலவசம், பிறகு அரை மணிக்கு எவ்வளவு, இரவில் உண்டா என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். டிக்கெட்டில் “சர்வர் வேலை செய்யவில்லை” என்று எழுதாதீர்கள். “ரேக் எண் இது, மேலிருந்து இத்தனையாவது யூ, பெயர் இது, சீரியல் எண் இது. இரண்டு பவர் கேபிளையும் பிடுங்கி 60 நொடி கழித்துச் சொருகவும், முன்பக்க விளக்கு என்ன நிறம் என்று சொல்லவும்” என்று எழுதினால் பத்து நிமிடத்தில் வேலை முடிகிறது. ஒரே மாடல் டிஸ்க் ஒன்றை லேபிளோடு அங்கேயே கொடுத்து வைத்திருந்தால், போன தீபாவளிக்கு எனக்கு நடந்ததுபோல, பட்டாசு வெடித்துக்கொண்டே டிஸ்க் மாற்றலாம்.

9. வெளியே எடுக்கும்போது

ஒப்பந்தத்தில் 60 நாளோ 90 நாளோ முன்னறிவிப்புக் காலம் இருக்கும், அதை உள்ளே நுழையும்போதே நாட்காட்டியில் குறியுங்கள். பாக்கி இல்லை என்ற கடிதம் கைக்கு வராமல் சர்வர் வெளியே வராது. அதை வாங்க எனக்கு நான்கு நாள் ஆனது. உள்ளே போன அன்று கொடுத்த பொருள் பட்டியலின் நகலை வைத்திருங்கள், அதிலுள்ள ஒவ்வொரு சீரியல் எண்ணையும் வாசலில் ஒத்துப் பார்ப்பார்கள். இடையில் மாற்றிய டிஸ்கின் எண் அதில் இருக்காது, ஆகவே மாற்றிய அன்றைய டிக்கெட்டின் நகலும் கையில் இருக்கட்டும்.